அர்ச்சுனன் தபசு, மதிய நிழல்: கிளாரிட்டி ஏற்றினால் கல் அழுக்காகத் தெரிகிறது

கடலோரக்கல் எழுதியது:

வணக்கம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு பாறையை மதியம் மூன்று மணிக்கு மேல் எடுத்தேன். குடும்பத்தோடு போன பயணம், நேரத்தைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. பாறை முழுவதும் நிழல். 24 மெகாபிக்சல் கேமரா, ரா கோப்பு (கேமரா திருத்தாமல் தரும் மூலக் கோப்பு), ஐஎஸ்ஓ 400.

ஃபோகஸ் நன்றாகவே இருக்கிறது. பெரிதாக்கினால் உளித் தடம்கூடத் தெரிகிறது. முழுப் படமாகப் பார்க்கும்போதுதான் சிக்கல். யானைகள் மட்டும் தனியாகத் தெரிகின்றன. மற்ற உருவங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. ஒற்றைக் காலில் தவம் செய்பவரின் விலா எலும்புகள் நேரில் எவ்வளவு அழகாகத் தெரிந்தன! படத்தில் தேட வேண்டியிருக்கிறது.

காண்ட்ராஸ்ட் ஏற்றினால் நடுப்பிளவில் உள்ள நாகர்கள் கறுப்பில் மூழ்கிவிடுகிறார்கள், வானம் வெளுத்துப்போகிறது. கிளாரிட்டி +60 வைத்தால் உருவங்கள் எழுந்து வருகின்றன, ஆனால் கல் முழுக்கக் கரி படிந்த தோற்றம். பாறையின் மேல்விளிம்பில், வானத்தை ஒட்டி ஒரு வெள்ளைப் பட்டை. மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் போட்டால் நீலம் ஏறுகிறது. லைட்ரூம், ஜிம்ப் இரண்டு படத்திருத்த மென்பொருளும் வைத்திருக்கிறேன். எங்கே தொடங்குவது?


ஒளிவழி எழுதியது:

முதலில் ஒயிட் பேலன்ஸ். அந்தப் பாறை கிழக்கு பார்த்தது. மதியத்துக்கு மேல் சூரியன் அதன் பின்பக்கம் போய்விடும், சிற்பங்கள்மேல் விழுவது திறந்த வானத்தின் நீல ஒளி மட்டும்தான். டீஹேஸ் போட்டதும் நீலம் கிளம்பியது அதனால்தான். வண்ண வெப்பநிலையை ஏற்றி, கல்லின் இளஞ்சிவப்புச் சாயல் வந்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.

அடுத்து, காண்ட்ராஸ்ட் ஏன் கைகொடுக்கவில்லை என்று பார்ப்போம். அந்த ஸ்லைடர் படத்தின் எல்லாப் புள்ளிகளையும் ஒரே வளைவில் வைத்துத் தள்ளுகிறது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. உங்கள் படத்தில் ஒரு கந்தர்வரின் தோள் 120, அதற்குப் பின்னால் உள்ள பாறை 100 என்று வையுங்கள். 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரை உள்ள அளவில் 20 மட்டுமே வித்தியாசம். இதை மொத்த வளைவால் அகட்டப் போனால் 30ல் இருக்கும் நாகர்களும் 240ல் இருக்கும் வானமும் அதற்கு விலை கொடுக்க வேண்டும்.

லோக்கல் காண்ட்ராஸ்ட் வேறு கணக்கு, நீங்கள் இழுத்த கிளாரிட்டி இந்த வகைதான். படத்தை நன்றாக மங்கலாக்கி ஒரு நகல் எடுக்கிறார்கள். அந்த நகலில் தோள் இருக்கும் வட்டாரம் சராசரியாக 110. ஒவ்வொரு புள்ளியும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ, அந்த விலகலில் ஒரு பங்கை அதன்மேல் மறுபடி கூட்டுகிறார்கள். பங்கு 0.2 என்றால் 120 என்பது 122 ஆகும், 100 என்பது 98 ஆகும். 20 இருந்த இடத்தில் 24. இருட்டான பிளவிலும் இதே கணக்குதான்: சராசரி 30, நாகரின் உடல் 35, பின்னணி 25 என்றால் அவை 36, 24 ஆகும். பிளவு இருட்டாகவே இருக்கும், ஆனால் நாகர் அதிலிருந்து பிரிந்து வருவார். பாறை விளிம்பை ஒட்டிய இடம் தவிர வானத்தை இது தொடவே இல்லை.

உங்கள் வெள்ளைப் பட்டைக்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. வானம் 240, பாறை 90. விளிம்பை ஒட்டி மங்கல் நகலில் இரண்டும் கலந்து 165 ஆகிவிடும். வானத்துப் பக்கம் 240உடன் 75ல் ஐந்தில் ஒரு பங்கு சேர்ந்து 255 ஆகும். பாறைப் பக்கம் 90 இறங்கி 75 ஆகும். ஒரு பக்கம் வெளிறிய பட்டை, மறுபக்கம் கறுத்த பட்டை. ஹேலோ என்பது இதுதான். மங்கலாக்கும் வட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு அகலமாகப் பட்டை விழும்.

ஜிம்ப்பில் செய்து பாருங்கள். லேயரை நகலெடுங்கள். ஃபில்டர்ஸ், என்ஹான்ஸ், ஷார்ப்பன் அன்ஷார்ப் மாஸ்க். ரேடியஸ் 50, அமவுண்ட் 0.2, த்ரெஷோல்ட் 0. லேயர் மோடை எல்சிஎச் லைட்னஸ் ஆக்கினால் நிறம் மாறாமல் வெளிச்சம் மட்டும் மாறும். அப்புறம் ஒரு லேயர் மாஸ்க் போட்டு வானத்தையும் மேல்விளிம்பையும் மெல்லிய பிரஷ்ஷால் மறைத்துவிடுங்கள்.

ஷார்ப்பனிங்குக்கு நாம் வழக்கமாக வைக்கும் எண்களை அப்படியே திருப்பிப் போட்டதுபோல இருக்கும். அங்கே ரேடியஸ் 1, அமவுண்ட் அதிகம். இங்கே ரேடியஸ் பெரியது, அமவுண்ட் மிகக் குறைவு. கருவி ஒன்றே.


கல்யாணக்கேமரா எழுதியது:

ஒளிவழி அண்ணா சொன்னது கல்லுக்குச் சரி. இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் இதை முகத்தில் போட்டுவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். மண்டபத்து வெளிச்சத்தில் வியர்த்த முகத்தில் கிளாரிட்டி ஏறினால் நெற்றியும் மூக்கும் பளபளக்கும், கண்ணுக்குக் கீழே குழி விழும், மாநிறத் தோல் சாம்பல் பூத்துவிடும். மணப்பெண்ணின் அம்மாவுக்குப் பத்து வயது கூடிவிடும். ஆல்பத்தை அந்த வீட்டில் இருபது வருஷம் வைத்துப் பார்க்கப்போகிறார்கள்.

பட்டு ஜரிகை, நாதஸ்வரத்தின் வளையங்கள், மணவறைப் பூ வேலை, இவற்றுக்கெல்லாம் லோக்கல் காண்ட்ராஸ்ட் அருமையாக வேலை செய்யும். அதனால் மாஸ்க் போட்டுப் பிரித்தே செய்கிறேன். புடவைக்குக் கிளாரிட்டி +15, +20. முகத்துக்கு டெக்ஸ்சர் -10 அளவில். லைட்ரூமில் டெக்ஸ்சர் ஸ்லைடர் 2019ல் வந்தது; தோலை மென்மையாக்கத் தொடங்கிய வேலையிலிருந்துதான் அது பிறந்தது என்று லைட்ரூமைத் தயாரிக்கும் அடோபி குழுவே எழுதியிருக்கிறது. குறைக்கும் பக்கத்தில் அது இயல்பாக நடந்துகொள்வது அதனால்தானோ என்னவோ. கிளாரிட்டியை மைனஸில் கொண்டுபோனால் முகம் பனிமூட்டத்துக்குள் போய்விடுகிறது.


பழைய லேப் எழுதியது:

தம்பிகளா, இந்த வேலை கம்ப்யூட்டருக்கு முன்பே இருந்தது. டார்க்ரூமில் இதற்கு நாள் முழுவதும் பிடிக்கும்.

நெகட்டிவை இன்னொரு ஃபிலிமில் பாசிட்டிவாக நகலெடுப்போம். நடுவில் ஒரு கண்ணாடித் தகடு வைத்து இடைவெளி விட்டால் நகல் மங்கலாக விழும். அதை மிகவும் மெலிதாக, காண்ட்ராஸ்ட் குறைவாக டெவலப் செய்ய வேண்டும். பிறகு நெகட்டிவையும் அந்த மங்கல் பாசிட்டிவையும் ஒன்றன்மேல் ஒன்றாக, இம்மி பிசகாமல் பொருத்தி பிரிண்ட் போடுவோம். நெகட்டிவில் எங்கே அடர்த்தியோ அங்கே பாசிட்டிவ் மெலிது, எங்கே மெலிதோ அங்கே அடர்த்தி. பெரிய அளவிலான ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று தின்றுவிடும். நுணுக்கம் மட்டும் மங்கல் நகலில் இல்லாததால் அப்படியே நிற்கும். மொத்தமாகச் சோர்ந்துபோன அந்த ஜோடியை ஹார்ட் கிரேடு, அதாவது காண்ட்ராஸ்ட் கூடிய பேப்பரில் அடித்தால் நுணுக்கம் எல்லாம் எழும்பி வரும், கறுப்பும் வெள்ளையும் காகிதத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கும்.

ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின் 1970களில் இதே முறையை வானியல் தகடுகளில் கையாண்டார். விண்மீன் மண்டலங்களின் நடுப்பகுதி தகட்டில் எரிந்துபோய்க் கிடக்கும். அதற்குள் இருந்த அமைப்பை வெளியே கொண்டுவந்தார். தகடு பழையதுதான். தகவல் அதில் முதலிலிருந்தே இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் இரண்டாவது பாதியை மட்டும் செய்கிறீர்கள். முதலில் பெரிய ஏற்ற இறக்கத்தை இறக்க வேண்டும். ஹைலைட்டை (வெளிச்சப் பகுதி) குறையுங்கள், ஷேடோவை (நிழல் பகுதி) கொஞ்சம் தூக்குங்கள், படம் சப்பென்று ஆகட்டும், பயப்பட வேண்டாம். அதன்மேல் லோக்கல் காண்ட்ராஸ்ட் போடுங்கள். அப்புறம் கடைசியில் வளைவால் மொத்தக் காண்ட்ராஸ்ட்டைத் திருப்பிக் கொடுங்கள். இந்த வரிசையில் போனால் கிளாரிட்டி +60 தேவைப்படவே படாது.


கடலோரக்கல் எழுதியது:

ஐயா, அண்ணா, இருவருக்கும் நன்றி. எண்களை வைத்து விளக்கியதும் வெள்ளைப் பட்டை எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது. ரேடியஸ் 50 என்று ஏன் வைத்தீர்கள்? வேறு சில இடங்களில் 30 என்கிறார்கள், 100 என்றும் சொல்கிறார்கள். டீஹேஸ் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.


மலைமுகடு எழுதியது:

டீஹேஸ் கேள்விக்கு நான் வருகிறேன், நீலகிரியில் அதுதான் எனக்கு அன்றாடச் சோறு.

தொட்டபெட்டாவிலிருந்து பார்த்தால் முதல் மலை பச்சை, அடுத்தது நீலப்பச்சை, அதற்கும் அடுத்தது வெளிறிய நீலம். தூரம் கூடக்கூட நடுவில் உள்ள காற்று தன் வெளிச்சத்தை மேலே சேர்த்துக்கொண்டே போகிறது. கறுப்பு கறுப்பாக வந்து சேர்வதில்லை. இதைக் கணக்காகப் பிடித்தவர்கள் 2009ல் ஹே கைமிங், சுன் ஜியான், டாங் சியாவோ மூவரும். மூட்டமில்லாத வெளிப்புறப் படத்தில், வானத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றாவது எங்கோ ஒரு புள்ளியில் மிகக் குறைவாக இருக்கும். மூட்டம் இருந்தால் அந்தக் குறைந்த அளவு உயர்ந்துவிடும். எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு மூட்டம், அதைக் கழித்துவிடு. இன்று ராதெரபி என்ற மென்பொருளில் உள்ள ஹேஸ் ரிமூவல் போன்ற கருவிகளுக்குப் பின்னால் இருப்பது இந்த மாதிரி எண்ணம்தான்.

உங்கள் பாறை சில பத்து மீட்டர் தூரத்தில் இருக்கிறது. நடுவில் கழிக்க மூட்டமே இல்லை. இல்லாததைக் கழிக்கச் சொன்னால் கருவி கல்லையே கறுப்பாக்கி நிறத்தை ஏற்றும். இந்தப் படத்துக்கு டீஹேஸ் பூஜ்யம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தபசுக்கு முன்னால் கடற்கரைக் கோயிலுக்குப் போனீர்களா? கடற்காற்றில் அரை மணி நேரம் நின்றாலே லென்ஸ் முன்கண்ணாடியில் உப்புப் படலம் படியும். அது ஒளியைச் சிதறடித்து படம் முழுவதும் ஒரே அளவு வெளுப்பைப் பரப்பும். ஹிஸ்டோகிராமின் (எந்த வெளிச்ச அளவில் எத்தனை புள்ளி என்று காட்டும் வரைபடம்) இடது பக்கம் காலியாக இருந்தால், இருண்ட புள்ளிகூட 20, 25ல் தொடங்கினால், அதுதான் காரணமாக இருக்கும். முதலில் பிளாக் பாயிண்டை, அதாவது கறுப்பு தொடங்கும் அளவை, இழுத்து வையுங்கள்.


ஒளிவழி எழுதியது:

மலைமுகடு சொன்ன உப்புப் படலம் முக்கியமான விஷயம், ஹிஸ்டோகிராமைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ரேடியஸ் கேள்விக்கு வருகிறேன். இந்த இழையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: ரேடியஸ் படத்தைப் பொறுத்தது அல்ல, படத்தில் நீங்கள் எதைப் பிரித்துக் காட்ட விரும்புகிறீர்களோ அதன் அளவைப் பொறுத்தது.

உங்கள் படத்திலேயே கணக்குப் போடலாம். அந்தப் பாறை சுமார் 29 மீட்டர் நீளம், 13 மீட்டர் உயரம். உங்கள் கேமராவில் படத்தின் அகலம் 6000 புள்ளிகள். பாறை ஃபிரேமை நிறைத்திருந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 புள்ளி. ரேடியஸ் 50 என்றால் கல்லில் 25 சென்டிமீட்டர். கை, தொடை, தலை, மார்பு எல்லாம் இந்த அளவைச் சுற்றித்தான் இருக்கின்றன. உடலிலிருந்து கை பிரிந்து தெரிய வேண்டும் என்றால் 30 முதல் 60 வரை. முழு உருவமே பின்பாறையிலிருந்து விலகித் தெரிய வேண்டும் என்றால் 150 பக்கம் போக வேண்டும், அப்போது அமவுண்ட் 0.1 போதும். விலா எலும்புக்கு 8, 10. உளித் தடத்துக்கு 2, 3.

அதே படத்தை இணையத்துக்காக 1200 புள்ளிக்குச் சுருக்கிவிட்டீர்கள் என்றால் எல்லா எண்ணையும் ஐந்தால் வகுக்க வேண்டும். அங்கே 50 வைத்தால் அது கல்லில் ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர். அடுத்தவர் சொன்ன எண் நம் படத்தில் பொருந்தாமல் போவது இப்படித்தான்.

லைட்ரூமில் இந்த ரேடியஸ் நம் கையில் இல்லை. டெக்ஸ்சர் சிறியதைப் பிடிக்கிறது, கிளாரிட்டி அதைவிடப் பெரியதை, டீஹேஸ் அதையும் விடப் பெரியதை. மூன்று அளவுகளுக்கு மூன்று ஸ்லைடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலா எலும்புக்கு நீங்கள் தேடியது டெக்ஸ்சர். கிளாரிட்டியைப் பிடித்து இழுத்ததால் அதைவிடப் பெரிய கறைகளும் ஈரத் தடங்களும் சேர்ந்து எழுந்தன. கரி படிந்த தோற்றம் அங்கிருந்து வருகிறது. பாறையில் இயல்பாகவே நிறத் திட்டுகள் உண்டு, அவற்றின் அளவும் ஒரு உடலின் அளவும் கிட்டத்தட்ட ஒன்று. ஸ்லைடருக்கு இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாது. அதனால் கிளாரிட்டியைப் படம் முழுவதும் போடாமல் உருவங்கள்மேல் மட்டும் பிரஷ்ஷால் தீட்டுங்கள், வெற்றுப் பாறையை விட்டுவிடுங்கள்.

டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு: லோக்கல் காண்ட்ராஸ்ட் மாட்யூலில் லோக்கல் லாப்ளாசியன் முறையைத் தேர்ந்தெடுங்கள். பாரிஸ், ஹாசினாஃப், காட்ஸ் மூவரும் 2011ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. வானம், பாறை மாதிரி பெரிய தாவல் உள்ள இடத்தை விளிம்பு என்று புரிந்துகொண்டு அதை உப்ப வைக்காது, ஹேலோ கிட்டத்தட்ட வராது. டீட்டெயில் 100 சதவீதம் என்றால் மாற்றமில்லை. 120, 130 தாண்டத் தேவையில்லை.


நிழல்மானி எழுதியது:

எல்லாம் படித்தேன். எனக்கு ஒரு மறுப்பு உண்டு. சிற்பம் என்பது மேடு பள்ளம். மேடு பள்ளத்தைக் காட்டுவது சாய்ந்து விழும் வெளிச்சம். நிழலில் எடுத்த படத்தில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைப் பெருக்கினால் நிறக் கறையையும் சேர்த்தே பெருக்குவீர்கள் என்று ஒளிவழியே சொல்லிவிட்டார். மென்பொருளில் செலவிடும் நேரத்தை இன்னொரு முறை போவதற்குச் செலவிடலாம்.

போகிறவர்களுக்கு: கிழக்கு பார்த்த பாறை என்றதும் பலர் சூரிய உதயத்துக்குப் போய் நிற்கிறார்கள். நிறம் அழகாக வரும், ஆனால் சூரியன் நேர் எதிரில் இருப்பதால் நிழலே விழாது, சிற்பம் தட்டையாகத்தான் தெரியும். பத்து மணியிலிருந்து நண்பகல் வரை நில்லுங்கள். சூரியன் ஏறஏற வெளிச்சம் பாறையின் முகத்தை உரசிக்கொண்டு மேலிருந்து இறங்கும், ஒவ்வொரு மூக்குக்கும் தோளுக்கும் கீழே நிழல் விழும். மாதமும் முக்கியம். டிசம்பரில் அங்கே நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து சுமார் 54 பாகையில் நிற்கும். நாம் மேற்கே பார்த்து நிற்பதால் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து சாய்ந்து வரும். ஜூனில் ஏறக்குறைய உச்சியிலேயே நிற்கும், கண்குழிகள் கறுத்துவிடும். டிசம்பர், ஜனவரியில் பதினொரு மணிக்கு எடுத்த படத்துக்கு இந்த ஸ்லைடர் எதுவும் வேண்டாம்.


எழுத்துக்கல் எழுதியது:

நிழல்மானி சொல்வதில் பெரும்பகுதி எனக்குச் சம்மதம். ஆனால் எல்லோருக்கும் திரும்பப் போக வாய்ப்பதில்லை. என் வேலையில் சில கற்கள் திரும்பப் போகும்போது இருப்பதும் இல்லை. சுண்ணாம்பு அடித்துவிடுகிறார்கள், இல்லையென்றால் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். பழைய படம்தான் மிச்சம்.

நான் கோயில் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைப் படம் எடுக்கிறேன். மைப்படி (கல்லின்மேல் காகிதம் ஒற்றி மையிட்டு எடுக்கும் நகல்) எடுக்க அனுமதி கிடைக்காத இடங்களில் புகைப்படம்தான் ஒரே வழி. தேய்ந்த எழுத்தைப் படிக்க, ஃபிஜி என்ற இலவச மென்பொருளில் உள்ள க்ளாஹே முறையைப் பயன்படுத்துகிறேன். படத்தைச் சிறு கட்டங்களாக எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் வெளிச்ச அளவுகளைத் தனித்தனியாகப் பரப்பும் முறை. வரம்பில்லாமல் பரப்பினால் வெற்றுக் கல்லில் உள்ள நாய்ஸ்கூட (படத்தில் விழும் பொடிப் புள்ளிகள்) எழுத்தளவுக்கு எழும்பும், அதற்காகவே ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அங்கே மாக்சிமம் ஸ்லோப் 1 என்றால் மாற்றமில்லை, இயல்பாக 3 இருக்கும். தேய்ந்த கல்லுக்கு 2 எனக்குப் போதுமானது. கட்டத்தின் அளவை ஓர் எழுத்தின் உயரத்தைவிடச் சற்றே பெரிதாக வைப்பேன். ஒளிவழி சொன்ன ரேடியஸ் கணக்கேதான்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெருக்கிய படத்தில் விரிசல் ஒரு கோடாகத் தெரியும், கல்லில் உள்ள கரும்புள்ளி ஒரு குழியாகத் தெரியும். பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. அப்படிப்பட்ட கல்வெட்டில் கருங்கல்லின் ஒரு மணியைப் பெருக்கிவிட்டு, இதோ புள்ளி என்று ஒருவர் படித்தால் வாசிப்பே மாறிவிடும். அதனால் ஒரே இடத்தை வெவ்வேறு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து எடுத்து வைக்கிறேன். உண்மையான குழி என்றால் வெளிச்சம் பக்கம் மாறும்போது அதன் நிழலும் இடம் மாறும். நிறக் கறை அசையாது. 2001ல் எச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் இதையே முறைப்படுத்தினார்கள்: பல திசைகளிலிருந்து ஒளி விழ எடுத்த படங்களைச் சேர்த்து, பிறகு திரையில் வெளிச்சத்தை விரும்பிய பக்கம் திருப்பிப் பார்க்கலாம்.

அழகுக்கு எடுக்கும் படத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆவணமாக வைக்கும் படம் என்றால் ரா கோப்பையும், என்ன செய்தீர்கள் என்ற குறிப்பையும் சேர்த்து வையுங்கள். பிற்பாடு படிக்க வருபவர் நம்மை நம்பித்தான் படிக்கிறார்.


கைபேசிக்கண் எழுதியது:

என்னிடம் கேமரா இல்லை, போன் மட்டும்தான். ஸ்னாப்சீட் என்ற போன் செயலியில் டீட்டெயில்ஸ் உள்ளே ஸ்ட்ரக்சர் இருக்கிறது. அதுவும் இதேதானா? +20 வைத்தாலே கோபுரத்தைச் சுற்றி ஒளிவட்டம் வருகிறது.


ஒளிவழி எழுதியது:

அதே குடும்பம்தான். ஆனால் போன் படம் உங்கள் கைக்கு வரும்போதே ஒரு முறை சமைத்து முடிந்திருக்கும். இப்போதைய போன்கள் பல பிரேம்களைச் சேர்த்து, நிழலைத் தூக்கி, வானத்தை இறக்கி, லோக்கல் காண்ட்ராஸ்ட்டும் ஏற்றித்தான் ஜேபெக் ஆக்கித் தருகின்றன. அந்த ஒளிவட்டம் ஏற்கெனவே மெலிதாக இருந்திருக்கும், ஸ்ட்ரக்சர் அதைப் பெரிதாக்கிக் காட்டியது.

உங்கள் போனில் ரா எடுக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், ஸ்னாப்சீட் அதைத் திறக்கும். இல்லையென்றால் +8, +10 போட்டுவிட்டு, வியூ எடிட்ஸ் வழியாக பிரஷ்ஷால் கோபுரத்தின் உட்பகுதிக்கு மட்டும் தீட்டுங்கள், விளிம்பை விட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இதைத் தொடவே வேண்டாம். ஜேபெக் 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகச் சுருக்கப்படுவது, அந்தக் கட்டங்களின் எல்லை எல்லாம் வானத்தில் தெரிய ஆரம்பிக்கும்.


கல்யாணக்கேமரா எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். நாய்ஸ் குறைப்பதை லோக்கல் காண்ட்ராஸ்ட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். மண்டபத்தில் ஐஎஸ்ஓ 3200ல் எடுத்த படத்தில் நிழலைத் தூக்கி, மேலே கிளாரிட்டியும் போட்டால் கறுப்பு கோட்டில் பச்சை, ஊதாப் பொடி தூவியிருக்கும்.


கடலோரக்கல் எழுதியது:

எல்லோரும் சொன்னதை வைத்து மறுபடி முதலிலிருந்து செய்தேன். மலைமுகடு அண்ணா கேட்டது சரி, கடற்கரைக் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வந்தோம். ஹிஸ்டோகிராமில் இடது பக்கம் காலி, இருண்ட இடம் 22ல் தொடங்கியது. பிளாக் பாயிண்டை இழுத்ததும் பாதி வெளுப்பு அங்கேயே போய்விட்டது.

ஒயிட் பேலன்ஸை வெதுவெதுப்பாக்கினேன், ஹைலைட் -40, ஷேடோ +25. ஐயா சொன்னபடி படம் சப்பென்று ஆனது. லைட்ரூமில் கிளாரிட்டி பூஜ்யம், டெக்ஸ்சர் +20. அப்புறம் ஜிம்ப்பில் இரண்டு லேயர்: ரேடியஸ் 150, அமவுண்ட் 0.1 ஒன்று, ரேடியஸ் 40, அமவுண்ட் 0.2 இன்னொன்று. இரண்டாவதை உருவங்கள்மேல் மட்டும் மாஸ்க்கில் தீட்டினேன். கடைசியில் ஒரு மெல்லிய வளைவு.

நாகர்கள் பிளவுக்குள்ளிருந்து பிரிந்து வந்துவிட்டார்கள். தவம் செய்பவரின் விலா தெரிகிறது. யானையின் தந்தத்துக்குக் கீழே பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையும், அதைச் சுற்றி உள்ள எலிகளும் முழுப் படத்திலேயே கண்ணில் படுகின்றன. என் மகள் எலிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

இரண்டு சந்தேகம். ஒன்று, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்றே தோன்றுகிறது. இரண்டு, இதை 18க்கு 12 அங்குலத்தில் பிரிண்ட் போட நினைக்கிறேன். அளவு மாற்றுவது இதற்கு முன்பா, பிறகா?


பழைய லேப் எழுதியது:

நல்ல வேலை தம்பி. பூனையைக் கண்டுபிடிக்க வைத்துவிட்டாய், அது போதும்.

நிறுத்துவது பற்றி: ஸ்லைடரை நகர்த்திக்கொண்டே இருந்தால் கண் அந்த அளவுக்குப் பழகிவிடும், அசல் படம் செத்துப்போனதாகத் தெரியும். எழுந்து போய் வேறு வேலை பார். திரும்பி வந்ததும் முதலில் படத்தைத் திரையில் தபால் அட்டை அளவுக்குச் சிறிதாக்கிப் பார். அந்த அளவில் முதலில் கண் போவது சிற்பத்துக்கா, கல்லின் சொரசொரப்புக்கா? சொரசொரப்புக்குப் போனால் லேயர் ஒப்பாசிட்டியை, அதாவது லேயரின் அழுத்தத்தை, பாதியாக்கு.


ஒளிவழி எழுதியது:

பிரிண்ட் கேள்விக்கு: லோக்கல் காண்ட்ராஸ்ட் முழு அளவுப் படத்திலேயே முடியட்டும். பிறகு அளவு மாற்றுங்கள். 18க்கு 12 அங்குலம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 5400க்கு 3600. உங்கள் 6000க்கு 4000 அதே விகிதம், எதையும் வெட்ட வேண்டியதில்லை. சுருக்கிய பிறகு கடைசியாகச் சின்ன ரேடியஸில், 1க்குப் பக்கத்தில், ஒரு ஷார்ப்பனிங்.

ஒப்பாசிட்டியைக் குறைத்த பிறகு பிளவுப் பகுதியை மட்டும் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். காகிதத்தின் கறுப்பு திரையின் கறுப்பைப்போல ஆழமாகப் போகாது, பளபளப்பில்லாத காகிதம் என்றால் இன்னும் குறைவு, இருண்ட அளவுகள் நெருங்கிவிடும். நாகர்கள் உள்ள பகுதியை மட்டும் வெட்டி, அதே அளவில், அதே காகிதத்தில் ஒரு சின்னத் துண்டு முதலில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்துவிட்டு முழு பிரிண்டுக்குக் கொடுங்கள்.


எழுத்துக்கல் எழுதியது:

தம்பி, ஜிம்ப் கோப்பை லேயரோடு எக்ஸ்சிஎஃப் ஆகவே சேமித்து வை, ரா பக்கத்திலேயே இருக்கட்டும். பூனை இருக்கும் பகுதியை முழு அளவில் இங்கே ஏற்ற முடியுமா? எலிகளில் ஒன்று கைகூப்பி நிற்பதுபோலத் தெரியும், அதன் கை உன் படத்தில் எவ்வளவு பிரிந்து வந்திருக்கிறது என்று பார்க்க ஆசை.